ரெண்டு லிட்டர் கோவை கிரைண்டர்: கழட்டிப் போட்டு ஒரு மதிப்புரை

கோயமுத்தூர் கடைகளில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் ரெண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர்களில் பெரும்பாலானவை உள்ளுக்குள் ஒரே மிஷின்தான். மேல்கூட்டின் நிறம் மாறும், ஸ்டிக்கர் மாறும், மூடியின் வடிவம் மாறும். அடியில் இருப்பது 150 வாட் ஒத்தை ஃபேஸ் மோட்டார், ஒரு பெல்ட், அடியில் கல் பதித்த டிரம், அதற்குள் ரெண்டோ மூணோ உருட்டுக்கல். அதனால் இது ஒரு கம்பெனிக்கு எழுதும் மதிப்புரை அல்ல, அந்த மிஷினுக்கே எழுதுவது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் எவர்சில்வர் பளபளப்பைப் பார்த்து வாங்கக்கூடாது. காசு போக வேண்டியது கல்லுக்கும், உருட்டுக்கல்லின் நடுத்துளையில் இருக்கும் புஷ்ஷுக்கும், மோட்டாரின் கம்பிச் சுற்றுக்கும், அடித்தட்டின் பேரிங்குக்கும். இந்த மிஷினில் இருக்கும் பாகங்களில் பெரும்பாலானவை யார் யாரோ, எங்கெங்கோ, நூறு இருநூறு வருஷத்துக்கு முன்னால் தீர்த்து வைத்த சிக்கல்களின் விடை. மலிவு மாடல் எங்கே கெடுகிறது என்று பார்த்தால், அந்த விடைகளில் ஏதோ ஒன்றை எங்கே சுருக்கியிருக்கிறார்களோ, சரியாக அங்கேதான் கெடுகிறது.

சமையலறைக்குப் புதுசாக வந்த யோசனை ஒன்றே ஒன்று. ஆட்டாங்கல்லில் குழி நிற்கும், குழவி சுற்றும். ஒரு கை குழவியைச் சுற்ற, இன்னொரு கை மாவைத் தள்ளிவிட வேண்டும். கிரைண்டரில் அது தலைகீழ். குழி சுற்றுகிறது, குழவி இருந்த இடத்திலேயே நின்று தன்னைத்தானே உருட்டிக்கொள்கிறது. மாவைத் தள்ளிவிடும் கைக்குப் பதிலாக ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் தள்ளி நிற்கிறது. குழி சுற்றுவதால் மாவு தானாகவே தள்ளியிடம் வந்து சேர்கிறது. கனமான குழவியை ஒரு இயந்திரக் கை பிடித்துச் சுற்றுவதைவிட இது எத்தனையோ எளிது. கையும் வேண்டாம், கையை மாவுக்கு மேலே தாங்கும் பேரிங்கும் வேண்டாம்.

மின் கிரைண்டரைக் கோவையில் முதலில் கொண்டுவந்தவர் பி. சபாபதி, 1955-ல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஏன் இந்த ஊரில் என்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1932-ல் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்தது. அதன் பின்னால் மில்லும், மில்லுக்கு உதிரி பாகம் செய்ய லேத்தும், வார்ப்புப் பட்டறையும் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் செய்த மோட்டார்தான் இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுகிறது. கிணற்றுக்கு பம்ப் செய்யத் தெரிந்த ஊருக்கு மோட்டார் சுற்றத் தெரியும், கப்பி கடையத் தெரியும், வார்ப்பு ஊற்றத் தெரியும். கல்லுக்கு ஊத்துக்குளி பக்கத்திலேயே இருக்கிறது. 2005-06-ல் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்துக்குப் பிறகு கிரைண்டர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இனி மிஷினுக்குள் போகலாம். கல்லிலிருந்து.

கிரானைட் ஒரே பொருளால் ஆன கல் அல்ல. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் பொடிப்பொடி மணிகளாகப் பின்னிக் கிடக்கும். 1812-ல் ஃப்ரீட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸுக்கு 7, ஃபெல்ட்ஸ்பாருக்கு 6. இந்த ஒரு படி வித்தியாசத்தில்தான் மாவரைக்கும் கல்லின் உயிரே இருக்கிறது. ஃபெல்ட்ஸ்பார் கொஞ்சம் முன்னால் தேயும், குவார்ட்ஸ் மணி மேலே நிற்கும். அதனால் கல் தேயத் தேயவும் சொரசொரப்பு முழுக்கப் போவதில்லை. ஒரே சீரான மென்மையான கல்லைப் போட்டால் ஒரு வருஷத்தில் கண்ணாடி மாதிரி வழவழக்கும்; அரிசி கல்லுக்கடியில் வழுக்கிக்கொண்டு ஓடும். கடையிலேயே சோதிக்கலாம். உருட்டுக்கல்லைக் கழட்டி, அரைக்கும் பக்கத்தை விட்டு மேல்பக்கத்தில் சாதாரண எஃகுக் கத்தியின் நுனியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். நல்ல கிரானைட்டில் கத்தியின் இரும்பு தேய்ந்து சாம்பல் நிறக் கோடு விழும், துடைத்தால் போகும். மென்மையான கல்லில் கோடு பள்ளமாகவே விழும். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

அடுத்து, உருளையா கூம்பா என்ற பஞ்சாயத்து. ‘கோனிக்கல் ஸ்டோன்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டி விற்கிறார்கள். கணக்கு என்ன சொல்கிறது என்று பார்த்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. டிரம் சுற்றும்போது நடுவிலிருந்து 3 செ.மீ. தள்ளியுள்ள அடிக்கல் ஒரு வேகத்தில் போகிறது, 9 செ.மீ. தள்ளியுள்ள அடிக்கல் அதைப்போல மூன்று மடங்கு வேகத்தில் போகிறது. மேலே கிடக்கும் கல் சீரான உருளையாக இருந்தால் அதன் மேற்பரப்புக்கு ஒரே வேகம்தான். ஆகவே ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் அது சரியாக உருளும், மற்ற இடமெல்லாம் வழுக்கித் தேய்க்கும். அந்தத் தேய்ப்புதான் உளுந்தை மெழுகாக்குகிறது. கூம்பின் முனை சரியாக டிரம்மின் நடு அச்சில் போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், கல் எந்த இடத்திலும் வழுக்காது; வெறுமனே நசுக்கும். நசுக்கல் அரிசியை உடைக்க நல்லது, தேய்ப்பு நைசாக்க நல்லது. விற்பனைக்கு வரும் கூம்புக் கற்கள் ரெண்டுக்கும் நடுவில் கொஞ்சம் உருண்டு கொஞ்சம் வழுக்குகிற சாய்வில் செய்யப்பட்டவை. எனவே கூம்பு என்பதாலேயே உசத்தி என்று இல்லை. கல் அடியில் முழு நீளத்துக்கும் படிந்து உட்கார்கிறதா என்பதே கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க ஒரு துண்டு செய்தித்தாள் போதும். காலி டிரம்மில் உருட்டுக்கல் கூட்டைப் பொருத்தி லாக்கைப் போடுங்கள். ஒவ்வொரு கல்லுக்கடியிலும் காகிதத்தைச் செருகி மெல்ல இழுங்கள். எல்லாக் கல்லும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். மூன்று கல் உள்ள மாடலில் ஒன்று காகிதத்தைச் சும்மா விட்டுவிடுகிறது என்றால், நீங்கள் மூன்று கல்லுக்குக் காசு கொடுத்து ரெண்டு கல் கிரைண்டர் வாங்குகிறீர்கள். மூன்றையும் சமமாக உட்கார வைப்பது ரெண்டை உட்கார வைப்பதைவிடக் கஷ்டமான வேலை. நன்றாகச் செய்த ரெண்டு கல், ஏனோதானோ என்று செய்த மூணு கல்லை எப்போதும் தோற்கடிக்கும்.

உருட்டுக்கல்லுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு புஷ் இருக்கும், பெரும்பாலும் நைலான். 1935-ல் வாலஸ் கரோத்தர்ஸின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த இந்தப் பொருள் காலுறைக்குப் பேர் போனது. ஆனால் கிரைண்டருக்கு அதன் அருமை வேறு: எண்ணெய், கிரீஸ் எதுவும் இல்லாமல் எஃகுத் தண்டின்மேல் வழுக்கிச் சுற்றும். மாவுக்குள் முங்கிக் கிடக்கும் இடத்தில் கிரீஸ் போட முடியாதே. புஷ் தேய்ந்தால் கல் ஆட ஆரம்பிக்கும். அதையும் தாண்டி ஓட்டினால் கல்லின் துளையே தண்டில் உரசும். வெள்ளை மாவில் சாம்பல் நிறக் கீற்று தெரிகிறது என்றால் அன்றைக்கே நிறுத்திப் புஷ்ஷை மாற்றுங்கள். புஷ் அற்ப விலை. கல்லும் தண்டும் அப்படி இல்லை. கல்லைப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்த்தால் நூல் அளவு அசைவு இருக்கலாம். ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கும் அளவு இருந்தால் மாற்றும் நேரம் வந்தாச்சு.

டிரம்மின் அடிக்கல் எவர்சில்வரோடு எபாக்ஸி பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. 1930-களில் ஸ்விட்சர்லாந்தின் பியர் காஸ்தான் பல் கட்டுவதற்குப் பொருள் தேடப்போய் வழிவகுத்த பசை இது. தண்ணீரில் ஊறினாலும் விடாது. ஆனால் சூடு ஆகாது. மாவு ஒட்டிக்கொண்டது என்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஊற வைப்பது இந்த ஊரில் பரவலான பழக்கம். எஃகு சூட்டில் விரியும் அளவும் கல் விரியும் அளவும் வேறு வேறு. நடுவில் மாட்டிய பசை இளகி விளிம்பில் மயிரிழை விரிசல் விழும். அதற்குள் மாவுத்தண்ணி போய்ப் புளிக்கும். கழுவிக் கவிழ்த்து வைத்த டிரம்மில் மறுநாள் காலையில் புளிச்ச வாடை அடித்தால் காரணம் இதுதான். எத்தனை தேய்த்தாலும் போகாது. பச்சைத் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவிட்டு நார் வைத்துத் தேய்த்தாலே மாவு போய்விடும், சோப்புகூட வேண்டியதில்லை.

எவர்சில்வர் பற்றி ரெண்டே வார்த்தை. 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி ப்ரியர்லி துப்பாக்கிக் குழல் தேய்மானத்தைக் குறைக்க எஃகு தேடும்போது துருப்பிடிக்காத எஃகைச் செய்தார். கிரைண்டருக்கு 304 தரம் நல்லது, 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 202 மலிவு. புளிச்ச மாவும் உப்பும் பட்டுக்கொண்டே இருந்தால் பொட்டுப் பொட்டாகப் பழுப்பேறும். காந்தத்தைக் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்து ‘ஒட்டலை, அப்ப 304’ என்று சொல்வதை நம்பாதீர்கள். 202-லும் காந்தம் ஒட்டாது. தரத்தை பில்லில் எழுதித் தரச் சொல்வதுதான் வழி.

இப்போது மோட்டார். இங்கேதான் அதிக ஏமாற்று, அதிகப் புகார்.

1824-ல் பிரான்சின் ஃப்ரான்சுவா அராகோ, சுற்றும் செம்புத் தட்டு பக்கத்திலுள்ள காந்த ஊசியையும் சேர்த்து இழுப்பதைக் கண்டார். ஏன் இழுக்கிறது என்பதை 1831-ல் ஃபாரடே விளக்கினார். காந்தத்தையே கையால் சுற்றாமல், மாறுமின்னோட்டத்தால் சுற்றும் காந்தப்புலம் உண்டாக்கலாம் என்பதை 1888-ல் ஃபெராரிஸும் டெஸ்லாவும் தனித்தனியே வெளியிட்டார்கள். மறு வருஷம் டோலிவோ-டொப்ரோவோல்ஸ்கி மூன்று ஃபேஸ் மோட்டாருக்குக் கூண்டு வடிவ ரோட்டரை, அதாவது சுற்றும் பாகத்தை, கொண்டுவந்தார். நடுவில் சுற்றும் பாகத்துக்கு மின்சாரக் கம்பி எதுவும் போகவில்லை. உரசும் கார்பன் இல்லை, பொறி இல்லை. மிக்சி மோட்டாரில் கார்பன் தேய்ந்து நெடி அடிப்பதும், கிரைண்டர் மோட்டார் பத்து வருஷம் தொடாமல் ஓடுவதும் இந்த வித்தியாசத்தால்தான்.

ஆனால் வீட்டுக்கு வருவது ஒத்தை ஃபேஸ். ஒத்தை ஃபேஸில் காந்தப்புலம் சுற்றாது, முன்னும் பின்னும் துடிக்கும். எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் மோட்டார் ‘ம்ம்ம்’ என்று நிற்கும். அதற்காக ரெண்டாவதாக ஒரு சுற்றுப் போட்டு, அதோடு ஒரு கெபாசிட்டரைத் தொடராக வைத்து, அதில் ஓடும் மின்னோட்டத்தைக் கொஞ்சம் முந்தவிடுகிறார்கள். ரெண்டு துடிப்பும் வேறு வேறு நேரத்தில் விழுவதால் சுழற்சி பிறக்கிறது. ஆகவே கிரைண்டர் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கெபாசிட்டரை, மோட்டாரை அல்ல. உருட்டுக்கல்லை எடுத்துவிட்டு, காலி டிரம்மோடு ஸ்விட்சைப் போடுங்கள். உறுமிக்கொண்டு நின்றால் டிரம்மின் வெளிவிளிம்பை ஒரு தள்ளு தள்ளுங்கள். தள்ளிய பக்கமே சுற்ற ஆரம்பித்தால் கெபாசிட்டர் போய்விட்டது, சுற்று நன்றாக இருக்கிறது. பத்து விநாடிக்கு மேல் உறுமவிடக் கூடாது, சுற்று சூடேறும்.

கெபாசிட்டர் மாற்றும்போது பழையதன் மேல் அச்சிட்டுள்ள மைக்ரோஃபாரட் மதிப்பையே வாங்க வேண்டும். பெரிசா போட்டா பலமா ஓடும் என்று தெருமுனை ரிப்பேர்க்காரர் சொன்னால் ஏற்காதீர்கள். துணைச் சுற்றில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் ஓடி அது கருகும். 440 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 230 வோல்ட் லைனில் எதற்கு 440 என்றால், துணைச் சுற்றும் கெபாசிட்டரும் சேர்ந்து நிற்கும்போது கெபாசிட்டரின் ரெண்டு முனைக்கு நடுவே லைனைவிடக் கூடுதல் வோல்டேஜ் நிற்கும். கழட்டும் முன் பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டரின் ரெண்டு முனையையும் பல்பு ஹோல்டர் வயரால் பல்பு வழியாக இணைத்து இறக்கிவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுவது வீரம் அல்ல.

தோட்டத்து வீட்டில் கிரைண்டர் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. சுற்றுவட்டாரத்துக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது வீட்டு லைனில் வோல்டேஜ் இறங்கும். இந்த வகை மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 இருந்தால் இழுவிசை பாதிக்குக் கொஞ்சம் மேலே, சுமார் 61 சதவீதம்தான் மிஞ்சும். டியூப் லைட் எரிகிறதே, கிரைண்டர் மட்டும் ஏன் திணறுகிறது என்று கேட்பவர்களுக்கு விடை இந்த வர்க்கக் கணக்கு. அந்த நேரத்தில் முழு டிரம் அரிசியைப் போட்டால் மோட்டார் மெதுவாகி, மின்னோட்டம் ஏறி, சூடாகி நிற்கும். பாதி அளவாக ரெண்டு தடவை ஆட்டுங்கள், அல்லது கரண்ட் சீராக இருக்கும் நேரம் பாருங்கள்.

சூடானால் தானாக நிற்கச் செய்யும் ஓவர்லோட் பொத்தான் அடியில் இருக்கும். உள்ளே ரெண்டு உலோகத்தை ஒட்டிய தகடு; சூட்டில் ஒன்று அதிகமாக விரிய, தகடு வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். 18-ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் கப்பல் கடிகாரத்துக்காகக் கண்டுபிடித்த ஈருலோகத் தகடேதான், கடலை விட்டு மாவுக்கு வந்திருக்கிறது. நின்றதும் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்க்காமல் இருபது நிமிஷம் ஆறவிடுங்கள். நல்ல அளவு மாவு, நல்ல வோல்டேஜ், அப்படியும் ஒவ்வொரு தடவையும் நிற்கிறது என்றால் பெல்ட் அதிக இறுக்கம், அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. ‘பொத்தானைத் தூக்கிட்டு நேரா குடுத்துடலாங்க’ என்று யாராவது சொன்னால் கிரைண்டரை எடுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போங்கள்.

சுற்று செம்பா அலுமினியமா என்பது மேலே பார்த்தால் தெரியாது, ரெண்டின்மேலும் ஒரே நிற எனாமல் பூசலாம். அலுமினியத்தின் மின்கடத்தல் செம்பில் 61 சதவீதம்தான். அதே இடத்துக்குள் அதே தடிமனில் சுற்றினால் சூடு கூடும். அலுமினியமே கூடாது என்று இல்லை. அதற்கேற்றபடி பெரிய மோட்டாராகச் செய்தால் சரி. ஆனால் ரெண்டு லிட்டர் கூட்டுக்குள் அந்த இடம் கிடையாது. ரீவைண்டிங்குக்குப் போகும்போதும் செம்புக்கம்பி என்று சொல்லி, பழைய கம்பியின் கேஜையே, அதாவது அதே தடிமனையே, போடச் சொல்லுங்கள்.

பெல்ட்டைச் சீக்கிரமாகப் பார்த்துவிடலாம். மோட்டார் நிமிஷத்துக்கு 1,400 சுற்றை ஒட்டி ஓடும், டிரம்முக்கு வேண்டியது நூறு முதல் நூற்றைம்பதுக்குள், மாடலுக்கு மாடல் மாறும். சின்னக் கப்பி பெரிய கப்பியை இழுத்து வேகத்தைக் குறைக்கிறது. 1917-ல் ஜான் கேட்ஸ் கொண்டுவந்த வி பெல்ட், பள்ளத்துக்குள் ஆப்பு மாதிரி இறங்கிப் பிடிப்பதால் தட்டைப் பெல்ட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பிடி கொடுக்கும். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டு டிரம் தயங்கினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது நனைந்திருக்கிறது. விரலால் நடுவில் அழுத்தினால் அரை இஞ்சுக்கு மேல் உள்ளே போகக்கூடாது. ‘கீச்’ சத்தத்துக்குத் தேங்காயெண்ணெய் விடுவது பெல்ட்டைக் கொல்லும் வழி. ரப்பர் எண்ணெயில் உப்பிப்போகும்.

டிரம்மைத் தாங்கும் தண்டின் பேரிங் கெடுவதற்குக் காரணம் பளு அல்ல, தண்ணீர். ஓடி முடிந்ததும் டிரம்மை எடுக்காமலே ஈரத்துணியால் மொத்தத்தையும் அலசி ஊற்றுகிறார்கள். டிரம்மின் வெளிச்சுவர் வழியாக இறங்கும் மாவுத்தண்ணி தண்டின் ஓரமாக உள்ளே போகும், கிரீஸைக் கழுவும், காய்ந்ததும் பசையாகி இறுகும். ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள பேரிங்கா என்று கேட்டு வாங்குங்கள். மாற்றும்போது பழைய பேரிங்கின் விளிம்பில் பொறித்த எண்ணே போதும். 6202 என்றால் உள்துளை 15 மி.மீ., 6203 என்றால் 17, 6204 என்றால் 20. உலகம் முழுக்க ஒரே எண், ஒரே அளவு. கிரைண்டரில் இருக்கும் அதே எண் ஊர்க்கோடி பைக் மெக்கானிக்கிடமும் கிடைக்கும். பொறியியல் வரலாற்றில் பெரிய மைல்கல் எது என்று கேட்டால், ரிப்பேர் செய்கிறவர்கள் மோட்டாரைச் சொல்ல மாட்டார்கள், இந்த எண்ணைத்தான் சொல்வார்கள்.

வேலை எப்படிச் செய்கிறது? இட்லிக்கு முழுமதிப்பெண். நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் முழு வெள்ளை உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். 200 மில்லி டம்ளர் என்றால் இதுதான் ரெண்டு லிட்டருக்குச் சரியான அளவு, அதற்கு மேல் போட்டால் விளிம்பில் வழியும். முதலில் உளுந்து. டிரம் ஓட ஆரம்பித்த பிறகே கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். குவித்துப் போட்டுவிட்டு ஸ்விட்ச் போட்டால் கல்லுக்கடியில் இறுகி மோட்டார் திணறும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு கை தெளிக்க வேண்டும். இருபத்தைந்து முப்பது நிமிஷத்தில் மாவு பந்தாக எழும்பும். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மெதுவாக மடிந்து மடிந்து ஓடும்போது உளுந்தின் புரதமும் கொழகொழப்பும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நிமிஷத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்று ஓடும் மிக்சியில் இது நடப்பதற்குள் மாவு சூடேறிவிடும். புளிக்க வைக்கும் லியூகோநாஸ்டாக் போன்ற நுண்ணுயிர்களுக்கு அந்தச் சூடு ஆகாது. அரிசி இருபது நிமிஷம், விரலில் ரவை தட்டுப்படும்போதே எடுத்துவிடலாம். ரெண்டும் சேர்த்து ஐம்பது நிமிஷம் ஓடினால் 150 வாட் கணக்கில் எட்டில் ஒரு யூனிட் கரண்ட்.

உண்மையான பரீட்சை சந்தகை மாவு, இடியாப்பம் மாதிரி பிழிகிற கொங்குப் பலகாரத்துக்கு. உளுந்து கிடையாது, வெறும் ஊறின புழுங்கலரிசி, கெட்டியாகவும் வேண்டும் மைய நைசாகவும் வேண்டும். வழவழப்பு கொடுக்க உளுந்து இல்லாததால் கல்லுக்கு முழுப் பளு. ரெண்டரை டம்ளருக்கு மேல் போடாதீர்கள், முப்பது முப்பத்தைந்து நிமிஷம் ஆகும். கல் சமமாக உட்காராத மிஷின் இங்கே மாட்டிக்கொள்ளும்: எத்தனை நேரம் ஓடினாலும் குருணை நிற்கும், சந்தகை பிழியும்போது துளை அடைக்கும். வடைக்கு உளுந்து ஆட்டும்போது எதிர்ப் பிரச்சினை. அரை டம்ளருக்குக் குறைந்தால் மாவு முழுக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு கல்லுக்கடியில் வராது. ரெண்டு பேர் உள்ள வீட்டுக்கு ஒண்ணேகால் லிட்டர் மாடல் பொருத்தம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். தேங்காய்ச் சட்னிக்கு இதை எடுக்கவே வேண்டாம், மிக்சிக்கு ரெண்டு நிமிஷ வேலை. காய்ந்த மிளகாய், கொள்ளு, எதையும் உலர்வாகப் போட்டு அரைக்கவும் கூடாது, கல்தான் தேயும். கூடவே தரும் தேங்காய் துருவி நன்றாக வேலை செய்யும். மாவு பிசையும் கை பெயருக்குத்தான், சப்பாத்தி மாவு கட்டியாகி டிரம்மோடு சேர்ந்து சுற்றும்.

டேபிள் டாப்பின் பெரிய குறை டிரம்மைத் தூக்க வேண்டியிருப்பது. கல்லும் மாவும் சேர்ந்த கனத்தை மேடையிலிருந்து இறக்கிக் கவிழ்ப்பது வயசான அம்மாக்களுக்கு வேலை அல்ல, தண்டனை. தரையில் நிற்கும் டில்டிங் மாடலில் டிரம்மைச் சாய்த்தால் மாவு தானாகப் பாத்திரத்தில் விழும். இடம் அடைக்கும், அழகு கிடையாது, சத்தமும் கொஞ்சம் அதிகம். ஆனால் உள்ளே கை விடத் தாராளமான இடம், எங்கும் கிடைக்கும் சாதாரண வி பெல்ட், பெரிய பேரிங், பெரிய மோட்டார். ரிப்பேர் என்று பார்த்தால் டில்டிங்தான் ஒரு படி மேல். ஏழெட்டுப் பேர் உள்ள வீடு, வாரம் மூணு நாள் ஆட்டுகிறவர்கள், சமையலறையில் ரெண்டடிக்கு ரெண்டடி இடம் விட முடிந்தவர்கள் யோசிக்காமல் அதை வாங்கலாம்.

வாங்கி வந்ததும் அப்படியே இட்லி மாவு ஆட்டாதீர்கள். புதுக் கல்லில் கொத்தின தூசி இருக்கும். ஒரு டம்ளர் ரேஷன் பச்சரிசியை ஊறவைத்துப் பத்து நிமிஷம் ஆட்டிக் கொட்டுங்கள். மாவை விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தால் மணல் நறநறக்கும். நறநறப்பு நிற்கும்வரை, சாதாரணமாக ரெண்டு மூன்று தடவை, திரும்பச் செய்யுங்கள். கொட்டும் மாவு மாட்டுக்கும் வேண்டாம், கல்தூசி கலந்தது. சில வருஷம் கழித்து அரிசிக்கு நேரம் கூடிக்கொண்டே போனால் கல்லைக் கொத்திக்கொள்ளலாம். உருட்டுக்கல்லையும் அடிக்கல்லையும் சேர்த்தே கொத்த வேண்டும், ஒன்றை மட்டும் கொத்தினால் கரடும் வழவழப்பும் சேர்ந்து ஓடி, கொத்தினது சீக்கிரமே மழுங்கிவிடும்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் பில்லில் எழுதி வாங்க வேண்டியவை: மோட்டார் சுற்று செம்பு, டிரம் எஃகின் தரம், மோட்டாருக்கும் கல்லுக்கும் தனித்தனியே எத்தனை வருஷம் உத்தரவாதம். பெரிய எழுத்தில் போடும் வருஷக் கணக்கு பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும். புஷ், பெல்ட், கெபாசிட்டர், தள்ளி எல்லாம் தேய்மானப் பொருள் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதனால் பெல்ட் ஒன்று, புஷ் ஒரு செட் அன்றைக்கே சேர்த்து வாங்கிக் கூட்டின் அடியில் டேப் போட்டு ஒட்டி வைத்துவிடுங்கள். தேவைப்படும் ஞாயித்துக்கிழமை காலையில் கடை திறந்திருக்காது.